உளிக்கு முன் ஈரம்: மொகுஹங்கா கற்ற அனுபவம்

மொகுஹங்கா என்ற ஜப்பானிய மரக்கட்டை அச்சுக் கலையைக் கற்றுக்கொள்ள ஆசை என்று யாராவது என்னிடம் சொன்னால், உளி வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள் என்பேன். ஏற்கெனவே செதுக்கிய கட்டை ஒன்றை எப்படியாவது தேடிப்பிடித்து, அதன்மேல் தாளை வைத்துத் தேய்த்து அச்சிட்டுப் பழகுங்கள். செதுக்கும்போது கோடு சரியாக வந்ததா, உடைந்ததா என்று பார்த்த உடனே தெரிந்துவிடும். அச்சிடுவதில் அந்த வசதி இல்லை. அங்கே வேலை முழுக்க ஈரத்தோடுதான். தாளில் எவ்வளவு ஈரம், கட்டையில் எவ்வளவு, தூரிகையில் எவ்வளவு என்று கைக்குப் பிடிபடும்வரை, என்னதான் அழகாகச் செதுக்கியிருந்தாலும் தாளில் எதுவும் ஒழுங்காக விழாது.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. டோக்கியோவின் கிழக்குப் பகுதியில், நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் நிஷி-கசாயில் வசிக்கிறேன். வேலை கணினித் துறையில். சனிக்கிழமைகளில் ஒரு சிறிய பட்டறையில் நடக்கும் வகுப்பில் சேர்ந்தபோது, எங்கள் ஆசிரியர் உளிப்பெட்டியைத் திறக்கவே விடவில்லை. எல்லோரும் அவரை சென்சே என்றுதான் கூப்பிடுவோம். அச்சிடுவதையே தொழிலாகச் செய்து வயதானவர். முதல் நாள் எனக்குக் கொடுத்தது, ஒரே ஓர் இலை செதுக்கிய உள்ளங்கை அளவுக் கட்டை. அந்த இலையைப் பச்சை நிறத்தில், புள்ளியோ திட்டோ இல்லாமல் சமமாகத் தாளில் இறக்க வேண்டும். பாடம் அவ்வளவுதான். அந்த ஒரு பாடம் பல வாரங்கள் நீண்டது.

ஐரோப்பிய மரச்செதுக்கு அச்சில் எண்ணெய் மையை உருளையால் தடவி, அழுத்துபொறியில் கொடுத்து எடுப்பார்கள். ஜப்பானிய முறையில் பொறி கிடையாது. தண்ணீரில் கரைந்த நிறத்தையும் அரிசிப் பசையையும் கட்டையின் மேலேயே தூரிகையால் கலந்து பரப்பி, ஈரமான தாளைக் கவிழ்த்து, பரேன் என்ற வட்டமான கருவியால் முதுகுப்பக்கம் தேய்க்கிறோம். நிறம் தாளின் மேல் படிந்து நிற்பதில்லை, நாருக்குள் இறங்குகிறது. பழைய படங்களில் நீலம் உள்ளிருந்து ஒளிர்வதுபோல் தோன்றுவதற்குக் காரணம் இதுதான். ஈரம் தப்பினால் எல்லாம் தப்புவதற்கும் இதே காரணம்.

ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பேரலைப் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. 1831 வாக்கில் வெளிவந்த, ஃபுஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள் என்ற வரிசையில் ஒன்று. (நல்ல வரவேற்பு இருந்ததால் பிறகு பத்துப் படங்கள் கூடி நாற்பத்தாறானது.) அதை வெளியிட்டவர் நிஷிமுராயா யோஹாச்சி. ஹொகுசாய் செய்தது மெல்லிய தாளில் கோட்டோவியம் தீட்டிக் கொடுத்தது. அந்தத் தாளைக் கட்டையில் கவிழ்த்து ஒட்டிச் செதுக்கியதால் மூல ஓவியம் செதுக்கும்போதே அழிந்துவிடும். செதுக்கியவர் வேறு, அச்சிட்டவர் வேறு. உகியோ-எ என்ற பழைய ஜப்பானிய அச்சுப் படங்களில் பெரும்பாலானவற்றில் இந்த இரண்டு பேரின் பெயரும் இருக்காது. ஒவ்வொரு வேலைக்கும் ஆண்டுக்கணக்கில் பட்டறையில் இருந்து பழக வேண்டும். செதுக்கும் பட்டறைக்குள்ளேயே மேல்கை, கீழ்கை உண்டு. முகமும் தலைமுடியும் தலைமைச் செதுக்கருக்கு. உடையும் பின்னணியும் இளையவர்களுக்கு.

ஒரே ஆள் வரைந்து, செதுக்கி, அச்சிடுவது இருபதாம் நூற்றாண்டில் வந்த வழக்கம். 1904இல் யமமோட்டோ கனாயே என்ற ஓவியர் ஒரு மீனவரின் உருவத்தைத் தானே வரைந்து தானே செதுக்கி அச்சிட்டதை அதன் தொடக்கமாகச் சொல்வார்கள். இன்று வகுப்புக்குப் போகும் நாமெல்லாம் அந்த வழியில் வருகிறவர்கள். மூன்று பேர் தனித்தனியாகப் பல ஆண்டுகள் பழகிய வேலையை ஒரே நேரத்தில் கையில் எடுக்கிறோம். அதனால்தான் எதை முதலில் பழகுவது என்பது இவ்வளவு முக்கியமாகிறது.

தாளிலிருந்து தொடங்குகிறேன். சாதாரண வரைதாளும் நகல் எடுக்கும் தாளும் வேண்டவே வேண்டாம். அவற்றின் நார் குட்டை; நனைந்ததும் தளர்ந்து, பரேன் பட்டால் பஞ்சு பஞ்சாக உரியும். கோசோ என்ற செடியின் பட்டையிலிருந்து எடுத்த நீள நார்த் தாள்தான் ஈரத்திலும் தேய்ப்பிலும் தாக்குப்பிடிக்கும். அதிலும் தோசா பூசியதாகக் கேட்டு வாங்குங்கள். வஜ்ஜிரமும் படிகாரமும் கலந்த கரைசல்தான் தோசா. அது இல்லாத தாளில் நிறம் ஓரம் கசிந்து பரவும். காசு மிச்சம் பிடிக்க வேண்டுமானால் உளியில் பிடியுங்கள், தாளில் வேண்டாம். மட்டமான தாளில் பழகினால், பிழை தாளுடையதா கையுடையதா என்று கடைசிவரை தெரியாமலே போகும்.

சென்சே ஒருமுறை எச்சிசென் கிசுகி ஹோஷோ தாளில் ஒன்றை எனக்குக் கொடுத்தார். ஃபுகுயி மாவட்டத்தில் இவானோ இச்சிபெய் குடும்பம் செய்வது. ஒன்பதாம் இவானோ இச்சிபெய் 2000ஆம் ஆண்டில் ஜப்பானின் 'வாழும் தேசியச் செல்வம்' என்று அறிவிக்கப்பட்டவர். முழுக்கக் கோசோ நார். தொட்டால் கனமான மெத்தென்ற துணி மாதிரி இருந்தது. திரும்பத் திரும்பத் தேய்த்தும் மேற்பரப்பு கொஞ்சம்கூடக் கலையவில்லை. பழகுவதற்குக் கட்டுப்படியாகும் விலை இல்லை. ஆனாலும் ஒரே ஒரு தாளிலாவது அச்சிட்டுப் பாருங்கள். நல்ல தாள் எவ்வளவு மன்னிக்கும் என்று கைக்குத் தெரிந்தால், பிறகு சாதாரணத் தாளிலும் எதை எதிர்பார்ப்பது என்று புரியும்.

தாளை நனைப்பது முந்தைய நாள் வேலை. எல்லாத் தாளையும் நனைக்கக் கூடாது. அகலத் தூரிகையால் ஒன்றுவிட்டு ஒரு தாளில் தண்ணீர் தடவி அடுக்க வேண்டும். அல்லது ஈரமான செய்தித்தாளுக்கு நடுவே வைக்க வேண்டும். அடுக்கைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, மேலே பலகையும் கொஞ்சம் பாரமும் வைத்து இரவு முழுக்க விட்டால், ஈரம் தானாகவே எல்லாத் தாளுக்கும் ஒரே அளவில் பரவிவிடும். காலையில் தாளைப் புறங்கையில் வைத்துப் பார்ப்போம். குளிர்ச்சி தெரிய வேண்டும். நீர் ஒட்டக் கூடாது. வெளிச்சத்தில் பிடித்தால் எங்கும் பளபளப்பு இருக்கக் கூடாது. பளபளத்தால் ஈரம் அதிகம் என்று பொருள். காய்ந்த தாள் ஒன்றிரண்டை நடுவே செருகி இன்னும் கொஞ்ச நேரம் விட வேண்டும்.

டோக்கியோவின் குளிர்காலம் மிகவும் வறண்டது. அடுக்கைத் திறந்து வைத்தால் சிறிது நேரத்திலேயே ஓரங்கள் காய்ந்து சுருளத் தொடங்கும். அதனால் ஒவ்வொரு தாளை எடுத்ததும் அடுக்கைத் திரும்ப மூடுவதே ஒரு பழக்கமாகிவிட வேண்டும். ஜூன், ஜூலை மழைக்காலத்தில் தொல்லை வேறு மாதிரி. ஈரம் நன்றாக நிற்கும். ஆனால் இரண்டு மூன்று நாளில் பூஞ்சை வந்துவிடும். அன்றைக்கு வேலை முடியவில்லையென்றால் அடுக்கை அப்படியே உறையோடு குளிர்பெட்டியின் உறைநிலைத் தட்டில் வைத்துவிடலாம். அடுத்த வாரம் எடுத்து, பிரிக்காமலே அறை வெப்பத்துக்கு வரவிட்டால் ஈரம் வைத்தபோது இருந்தபடியே இருக்கும். சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் செய்கிறவர்களுக்கு இந்த யோசனை இன்னும் உதவும்.

அடுத்தது பசை. அரிசி மாவைத் தண்ணீரில் கரைத்து, கட்டி தட்டாமல் கிளறிக்கொண்டே காய்ச்சினால் வெள்ளை மாறிக் கண்ணாடி மாதிரி வரும். ஆறிய பிறகு கஞ்சிப் பதத்தில் இருக்க வேண்டும். காய்ச்ச நேரமில்லாத நாளில் கடையில் கிடைக்கும் யமாதோ மாவுப்பசையைத் தண்ணீர் விட்டுத் தளர்த்திக்கொள்வோம். பசை இங்கே ஒட்டுவதற்காக இல்லை. நிறத்தைக் கட்டையின் மேல் சமமாகப் பிடித்து நிறுத்தித் தாளுக்குள் ஏற்றிவிடுவதுதான் அதன் வேலை. கறுப்புக் கோடுகளுக்கு மிகக் கொஞ்சம் போதும். பரந்த நிறப்பகுதிக்குக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும்.

அச்சிடும்போது செய்ய வேண்டியது இது. காய்ந்த கட்டையை முதலில் ஈரத்துணியால் நன்றாகத் துடைத்துத் தண்ணீர் குடிக்கவிட வேண்டும். பிறகு நிறத்தை இரண்டு மூன்று இடத்தில் தொட்டு வைத்து, பக்கத்தில் பட்டாணி அளவு பசை வைத்து, குதிரைமுடித் தூரிகையால் வட்டமாகக் கலக்க வேண்டும். கடைசி வீச்சுகள் மிக லேசாக, மர ரேகையின் போக்கிலேயே போக வேண்டும். தூரிகை தடம் விட்டால் அந்தத் தடம் அப்படியே தாளில் வரும். புதுத் தூரிகையின் முடிநுனி முரடாக இருக்கும். நுனியைச் சூடான தகட்டில் லேசாகப் பொசுக்கி, காய்ந்த சுறாத்தோலில் தேய்த்துத் தேய்த்து நுனி பிளந்து மென்மையாகும்வரை பழக்குவார்கள். எங்கள் பட்டறையில் ஒரு பலகையில் சுறாத்தோல் அடித்து வைத்திருக்கிறது. தூரிகையைத் தயார் செய்யாமல் அச்சிட உட்கார சென்சே விடமாட்டார்.

அவர் அடிக்கடி சொல்வது, "சத்தத்தைக் கேளுங்க." நிறத்தில் தண்ணீர் அதிகமானால் தூரிகை சளசளவென்று இருக்கும். குறைந்தால் வறட்டென்று உரசும். நடுவே ஒரு மெல்லிய, இழுபடுகிற சத்தம் உண்டு. அந்தச் சத்தம் வரும்போது தாளை வைத்தால் பெரும்பாலும் நல்ல அச்சு விழும். என்னால் எழுத்தில் இதற்கு மேல் விளக்க முடியவில்லை. ஆனால் வகுப்பில் பக்கத்து மேசைக்காரரின் தூரிகைச் சத்தத்தை வைத்தே அவருடைய தாள் எப்படி வரும் என்று இப்போது ஓரளவு சொல்ல முடிகிறது.

பரேன் பற்றி ஒரு பெரிய மயக்கம் இருக்கிறது. உண்மையான ஹொன்பரேன் ஒன்றின் உள்ளே மூங்கில் மடலைக் கிழித்து முறுக்கிய கயிறு சுருளாக இருக்கும். அது பொருந்தும் வட்டத் தட்டு, தாளைப் பல அடுக்காக ஒட்டி அரக்குப் பூசியது. இரண்டையும் வெளியே மூங்கில் மடல் ஒன்று இழுத்துச் சுற்றி மூடும். நல்ல ஹொன்பரேன் விலை ஒரு லட்சம் யென்னைத் தாண்டும். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்பது சில நூறு யென். நடுவே சில ஆயிரம் யென்னில் முரசாகி பரேன் போன்றவை உண்டு. தொடங்குவதற்கு அது தாராளமாகப் போதும். எந்தப் பரேனானாலும் அடிப்பகுதியைக் கமேலியா எண்ணெய் தோய்ந்த துணியில் அவ்வப்போது ஒரு தடவு தடவ வேண்டும். இல்லாவிட்டால் வழுக்காது. தாளுக்கு மேல், சமையலறையில் பயன்படும் குக்கிங் ஷீட் ஒன்றைப் போட்டுத் தேய்த்தால் தாளின் முதுகு பிய்யாது.

அழுத்தம் விரலிலிருந்து வரக் கூடாது. தோளிலிருந்து, உடம்பின் எடையிலிருந்து வர வேண்டும். பழைய அச்சுக்காரர்கள் தரையில் சம்மணமிட்டு, எதிர்ப்பக்கம் சரிந்த மேசையின் முன்னால் உட்கார்ந்து வேலை செய்வது இதற்காகத்தான். சரிவு இருந்தால் எடை தானாக முன்னால் இறங்கும். நாற்காலியில் உட்கார்ந்து செய்தால் மணிக்கட்டு வலிக்கும். மேசையில்தான் செய்ய வேண்டுமென்றால் நின்றுகொண்டு செய்யுங்கள்.

இனி தாளில் விழுவதைப் படிக்கக் கற்க வேண்டும். நிறம் முழுசாக இறங்காமல் வெள்ளைப் புள்ளி புள்ளியாக வருவதற்கு கோமா என்று பெயர், எள் என்று அர்த்தம். கட்டை காய்ந்திருக்கலாம், தாள் காய்ந்திருக்கலாம், பசையோ அழுத்தமோ குறைவாக இருக்கலாம். உருவத்தின் ஓரத்தில் நிறம் திரண்டு கருத்த கோடாக நின்றால் நிறமும் தண்ணீரும் அதிகம். தாளைத் தூக்கும்போது பிசுபிசுவென்று இழுத்தால் பசை அதிகம். வட்ட வட்டமாகத் தடம் தெரிந்தால் பரேனின் ஓட்டம் சீராக இல்லை. செதுக்கி எடுத்த வெற்றிடத்தில் அழுக்குக் கோடுகள் விழுந்தால் அங்கே மரத்தின் மேடு மிச்சம் இருக்கிறது.

இதில் மிகவும் பயன்பட்ட ஒழுங்கு ஒன்று உண்டு. ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும் நடுவே ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். புள்ளி வந்தால் பதறிப்போய் நிறத்தையும் கூட்டி, பசையையும் கூட்டி, அழுத்தியும் தேய்த்தால் அடுத்த தாளில் வருவதிலிருந்து எதையும் தெரிந்துகொள்ள முடியாது. பசையை மட்டும் கூட்டிப் பாருங்கள். மாறவில்லையென்றால் அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து அழுத்தத்தை மாற்றுங்கள். தாளின் மூலையில் பென்சிலால் என்ன மாற்றினோம் என்று குறித்து வைத்தால் மாலையில் எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பிப் பார்க்கலாம். என் குறிப்பேட்டில் எழுதியதைவிட அந்த மூலைக் குறிப்புகள்தான் எனக்கு உதவின. இன்னொன்று, முதல் சில தாள்கள் எப்போதும் வெளிறித்தான் வரும். மரம் இன்னும் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது. அவற்றை மலிவான தாளில் எடுத்து ஒதுக்கிவிட வேண்டும். அதைப் பார்த்து எதையும் திருத்தக் கூடாது.

இலைப் பாடம் ஒருவழியாக முடிந்ததும் இரண்டு நிறம் வந்தது. அதோடு கென்தோவும். பல வண்ண அச்சு ஜப்பானில் 1765 வாக்கில் ஓவியர் சுசுகி ஹருனொபு காலத்தில் மலர்ந்தது. அது சாத்தியமாக, ஒவ்வொரு நிறக் கட்டையும் அதே இடத்தில் துல்லியமாக விழ ஒரு வழி வேண்டும். கென்தோ அதைச் செய்கிறது. கட்டையிலேயே, படத்துக்கு வெளியே, வலது கீழ்மூலையில் மூலைமட்டம் மாதிரி ஒரு செதுக்கு. அதற்குக் காகி என்று பெயர். இடது பக்கத்தில் கீழ்விளிம்பில் நேரான ஒரு செதுக்கு, அது ஹிகிட்சுகே. தாளின் மூலையைக் காகியில் பொருத்தி, கீழ்விளிம்பை ஹிகிட்சுகேயில் தொடவிட்டு, பிறகுதான் மிச்சத் தாளை இறக்க வேண்டும். அதுவரைக்கும் தாளின் மேல்பகுதி கட்டையைத் தொடாமல் விரலிடுக்கில் தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். கருவி எதுவும் இல்லை. இரண்டு சிறிய வெட்டு, இரண்டு கட்டைவிரல். ஓவியர் ஹிரோஷிகேயின் படங்களில் இத்தனை நிறம் இவ்வளவு சரியாக விழுவதற்கு இவ்வளவுதான் ஆதாரம் என்று பார்த்த நாளில் எனக்கு இந்தக் கலையின் மேல் மரியாதை இன்னும் கூடியது.

செதுக்கு ஆழமாக இருக்கத் தேவையில்லை. தாளின் விளிம்பு தட்டி நிற்கிற அளவு போதும். ஆழமானால் தாள் உள்ளே மடங்கி, ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நிற்கும். செங்குத்துச் சுவர் மட்டும் சுத்தமாக இருக்க வேண்டும். மரத்தூள் ஒன்று சிக்கினாலும் நிறம் விலகும்.

கென்தோ சரியாக இருந்தும் நிறம் விலகுவதுண்டு. அப்போதும் ஈரத்தைத்தான் பார்க்க வேண்டும். தாள் நனைந்தால் விரியும், காய்ந்தால் சுருங்கும். நார் ஓடும் போக்குக்குக் குறுக்கே அதிகமாக விரியும். கறுப்புக் கோட்டை நல்ல ஈரத்தில் அச்சிட்டுவிட்டு, அடுத்த வாரம் பாதி காய்ந்த தாளில் சிவப்பை அச்சிட்டால், ஒரு முனையில் பொருந்தும், மறுமுனையில் பொருந்தாது. முழுப் படமும் ஒரே அளவு விலகியிருந்தால் கென்தோவைத் திருத்துங்கள். ஒரு பக்கம் சரி, மறுபக்கம் விலகல் என்றால் உளியை எடுக்காதீர்கள். தாளின் ஈரத்தைச் சரிசெய்யுங்கள். இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளாதவர்கள் நல்ல கென்தோவைச் சீவிச் சீவிக் கெடுத்துவிடுவார்கள் என்று சென்சே திரும்பத் திரும்ப எச்சரிப்பார்.

இவ்வளவுக்கும் பிறகுதான் உளி கைக்கு வந்தது. அதனால் என்ன லாபம் என்றால், எந்தக் கோடு அச்சில் நிற்கும், எது உடையும் என்று தெரிந்தே செதுக்கத் தொடங்கினேன். பழைய படங்களுக்கு யமசகுரா என்ற மலைச்செரி மரம். கெட்டியான, நெருக்கமான ரேகை. முடியிழை மாதிரிக் கோட்டையும் ஆயிரக்கணக்கான தேய்ப்புக்குத் தாங்கும். தொடங்குகிறவர்களுக்கு ஷினா பிளைவுட். மென்மையானது, ஈரத்தில் அதிகம் கோணாது, இரண்டு பக்கமும் செதுக்கலாம். அஞ்சலட்டை அளவு போதும். ஷின்ஜுகுவில் இருக்கும் செகாய்தோ போன்ற பெரிய கலைப்பொருள் கடைகளில் வெட்டி வைத்தே விற்பார்கள்.

முக்கியக் கருவி ஹங்கிதோ என்ற கத்தி. அதைப் பேனா மாதிரி பிடிப்பதில்லை. கைப்பிடியை முஷ்டியால் பற்றி, கட்டைவிரலை மேலே வைத்து, உடம்பை நோக்கி இழுக்க வேண்டும். மறுகையின் விரல் கத்தியின் அருகே இருந்து வழிகாட்டும். கோட்டின் இரண்டு பக்கமும் வெட்டும்போது கத்தியின் முனை கோட்டை விட்டு வெளிப்பக்கமாகச் சரிந்து இறங்க வேண்டும். அப்போது கோடு மலைமுகடு மாதிரி, மேலே குறுகி அடி அகன்று நிற்கும். அடியைக் குடைந்துவிட்டால் நாலு முறை பரேன் பட்டதும் கோடு பெயர்ந்து வந்துவிடும். பிறகு நகவுளியால் வெற்றிடத்தைத் தோண்டி எடுத்து, கோட்டுக்குப் பக்கத்தில் தட்டை உளியால் சுத்தம் செய்வோம். கோட்டுக்கு அருகே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழம் போதும். பரந்த வெற்றிடத்தில்தான் ஆழம் அதிகம் வேண்டும். இல்லாவிட்டால் ஈரத்தாள் அங்கே தொய்ந்து தரையைத் தொட்டுவிடும்.

வெட்டுப்படும் விளிம்பு சொரசொரவென்று நார் நாராக வந்தால், மரத்தைக் குறை சொல்லாமல் சாணைக்கல்லிடம் போங்கள். ஆயிரம் எண் கல் ஒன்று, ஆறாயிரம் எண் கல் ஒன்று போதும். உளியின் முதுகு முழுத் தட்டையாக இருப்பதுதான் பாதி வேலை. மழுங்கிய உளிக்கு அதிக பலம் கொடுப்போம். அப்போதுதான் வழுக்கிக் கையைப் பதம்பார்க்கும். நகவுளி போகிற பாதையில் மறுகை ஒருபோதும் இருக்கக் கூடாது.

எதைச் செதுக்குவது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பேரலையை வேண்டாம். என் வகுப்பில் சேருகிற பலருக்கும் அதுதான் ஆசை. ஆனால் அதன் அழகு முழுக்க நெளியும் கோட்டில் இருக்கிறது. அந்தக் கோட்டுக்குப் பல ஆண்டு பழகிய கை வேண்டும். தொடங்குகிறவர்களின் பலம் தட்டையான உருவங்களில்தான். நான் பெர்சிமன் பழம் ஒன்றை எடுத்தேன். பழத்துக்கு ஒரு கட்டை, காம்புக்கும் இலைக்கும் ஒரு கட்டை, கோட்டுக் கட்டையே இல்லை. பலகையின் முன்னும் பின்னுமாக வேலை முடிந்தது. கத்தரிக்காய், மீன், மலைத்தொடர், இப்படி வெளியுருவத்தால் மட்டுமே அடையாளம் தெரிகிற எதுவும் சரி.

கோட்டுக் கட்டை வேண்டுமென்றால் அதை முதலில் முடித்துவிடுங்கள். மெல்லிய தாளில் வரைந்ததைக் கட்டையில் முகம் கவிழ்த்து ஒட்டி, ஈரவிரலால் முதுகை மெல்ல உருட்டி உரித்தால் கோடு மட்டும் தெளிவாகத் தெரியும். கென்தோவையும் சேர்த்துச் செதுக்கி, அதை நிறத்துக்கு ஒன்றாகப் பல பிரதி எடுக்க வேண்டும். ஒவ்வொரு பிரதியிலும் ஒரு நிறம் எங்கே வரும் என்று குறித்து, அதைப் புதுக் கட்டையில் ஒட்டிச் செதுக்கினால், கென்தோவும் படமும் எல்லாக் கட்டையிலும் ஒரே இடைவெளியில் அமையும். தனித்தனியாக அளந்து வரைவதைவிட இது எவ்வளவோ நம்பகமானது.

இப்போது நான் பழகிக்கொண்டிருப்பது பொகாஷி, நிறம் கரைந்து மறையும் முறை. ஹிரோஷிகேயின் வானத்தில் மேலே அடர்நீலமாகத் தொடங்கி மறைகிறதே, அதுதான். கட்டையில் அப்படி எதுவும் செதுக்கியிருக்காது. வெறும் தட்டைப் பரப்பு. அதன் ஒரு பகுதியை ஈரத்துணியால் துடைத்து, தூரிகையின் ஒரு முனையில் மட்டும் நிறம் எடுத்து, அக்கம்பக்கமாக இழுத்தால், நிறம் ஈரத்துக்குள் தேய்ந்து போகும். ஒவ்வொரு தாளுக்கும் முதலிலிருந்து செய்ய வேண்டும். 1857இல் வந்த, ஓஹாஷி பாலத்தின் மேல் திடீர் மழை பெய்யும் படத்தைப் பாருங்கள். முப்பது ஆண்டுக்குப் பிறகு வான்கோ எண்ணெய் வண்ணத்தில் நகலெடுத்த அதே படம். மேலே கருமேகம் பொகாஷிதான். அதை அச்சுக்காரர் ஒவ்வொரு தாளிலும் கைக்கணக்கில் செய்திருக்கிறார். பிரதிக்குப் பிரதி மேகம் மாறுவதைப் பார்த்தால் அந்தப் பெயர் தெரியாத மனிதரின் கை தெரியும்.

அதனால் பழைய படங்களை நேரில் பார்ப்பதும் பயிற்சிதான். எனக்குக் கிட்டத்தில் இருப்பது 2016இல் திறந்த சுமிதா ஹொகுசாய் அருங்காட்சியகம். தோசாய் சுரங்க ரயில் தடத்தில் ஏறி மொன்சென்-நகாச்சோவில் ஓயெதோ தடத்துக்கு மாறினால் ரியோகோகு வந்துவிடும். ஹராஜுகுவில் ஓட்டா நினைவு அருங்காட்சியகம் சிறியது, ஆனால் உகியோ-எ படங்களுக்கென்றே இருப்பது. கண்ணாடிக்கு நேரே நின்று பார்க்காமல், முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் வெளிச்சம் படும் கோணத்தில் பாருங்கள். நிறமே இல்லாமல் தாளை மட்டும் அழுத்தி எழுப்பிய உடை மடிப்புகள், பரேன் சுழன்ற தடம், மரத்தின் ரேகை எல்லாம் அப்போதுதான் தெரியும். இன்று இதே முறையில் வேலை நடப்பதைப் பார்க்க மெஜிரோவில் அதாச்சி நிறுவனம் இருக்கிறது. அசகுசாவில், கனடாவிலிருந்து வந்து டோக்கியோவில் குடியேறிய செதுக்கர் டேவிட் புல் தொடங்கிய மொகுஹங்கான் இருக்கிறது. அங்கே வருகிறவர்களைச் செதுக்கிய கட்டையில் அச்சிடவும் விடுகிறார்கள். நான் முதலில் சொன்ன, உளி இல்லாமல் தொடங்குவதற்கு அது நல்ல இடம்.

கடைசியாகக் கட்டையைப் பற்றி. வேலை முடிந்ததும் ஈரத்தூரிகையால் நிறத்தையும் பசையையும் முழுக்க எடுத்துவிட வேண்டும். பசை தங்கினால் பூஞ்சைக்கும் பூச்சிக்கும் தீனியாகும். சோப்பு வேண்டாம். பழைய செய்தித்தாளால் ஒற்றி, வெயில் படாத இடத்தில், இரண்டு பக்கமும் காற்றுப்படும்படி நிறுத்திக் காயவைக்க வேண்டும். படுக்கவைத்தால் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து கோணிக்கொள்ளும். அச்சிட்ட தாள்களைக் காயவைப்பது வேறு மாதிரி. அட்டைகளுக்கு நடுவே வைத்துப் பாரம் ஏற்றி, அட்டையை முதல் நாள் இரண்டு முறையாவது மாற்ற வேண்டும்.